பகலில் எரியும் விளக்கு: அணைக்க நேர்ந்தவர்களின் அனுபவங்கள்

பாலக்கோடு வாசி:
எங்கள் பக்கத்துக் கிராமத்தில் பாரதக் கூத்து. அன்றைக்குக் கர்ணன் கதை. வெளியூரிலிருந்து வந்த ஒருவர் ஆடுகளத்துக்கு நேர் எதிரே காரை நிறுத்தி, ஏசிக்காக எஞ்சினை ஓடவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். முகப்பில் இரண்டு வெள்ளைக் கோடுகள் எரிந்துகொண்டிருந்தன. பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் கண்ணைக் கைகளால் மறைத்துக்கொண்டார்கள். “ஐயா, விளக்கை அணையுங்கள்” என்று நாலு பேர் போய்ச் சொன்னார்கள். அவரும் சுவிட்சைத் திருகினார். ஹெட்லைட் போயிற்று, ஆனால் வெள்ளைக் கோடு முன்னைவிடப் பளிச்சென்று எரிந்தது! மறுபடி திருகினார், மறுபடி அதே கதை. கட்டியங்காரன் சும்மா இருப்பானா? “கர்ணனைப் பார்க்க அவன் அப்பன் சூரியன் ராத்திரியிலேயே வந்துவிட்டான்” என்றான். கூட்டம் சிரித்து அடங்க வெகுநேரம் ஆயிற்று. கடைசியில் ஒரு பெரியவர் தன் கம்பளியை வண்டியின் முகப்பில் போர்த்திவிட்டு வந்தார். பகலிலும் தானாக எரியும் இந்த டிஆர்எல் விளக்கை எஞ்சின் ஓடும்போது அணைக்கவே முடியாதா? யாருக்காவது இப்படி நேர்ந்திருக்கிறதா?

தளி ரோடு:
எனக்கு நேர்ந்தது காட்டில். தேன்கனிக்கோட்டையிலிருந்து அஞ்செட்டி போகும் சாலை காவிரி வடக்கு வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டிய யானைக் காடு. இருட்டிய பிறகு வனக்காவலர் கை காட்டி நிறுத்தினார். குட்டியோடு ஒரு கூட்டம் சாலையோரம் நின்றது. “ஹாரன் வேண்டாம், விளக்கை அணையுங்கள், எஞ்சின் மட்டும் ஓடட்டும்” என்றார். பின்னோக்கி ஓட்ட வேண்டி வந்தால் அந்த நேரத்தில் சாவியைத் திருகிக்கொண்டிருக்க முடியாது அல்லவா? ஹெட்லைட்டை அணைத்தேன், டிஆர்எல் மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. வண்டி உருண்டுவிடக் கூடாதே என்று ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், அதுவும் அணைந்துவிட்டது. எனக்கு முன்னால் நின்ற காரில் அந்த வித்தையும் பலிக்கவில்லை. அவர் எஞ்சினையே நிறுத்திவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யானைகள் தம் போக்கில் கடந்து போயின.

கிருஷ்ணகிரி ஆட்டோ எலக்ட்ரீசியன்:
கூத்தில் நடந்ததற்குக் காரணம் எளிது. ஹெட்லைட் எரியும்போது பல வண்டிகளில் டிஆர்எல் தானாக மங்கும். ஹெட்லைட்டை அணைத்தால் பகல் என்று எண்ணி முழு வெளிச்சத்துக்குப் போகும். அணைக்கும் வழி வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் ஹேண்ட்பிரேக். சிலவற்றில் திரையில் உள்ள அமைப்புகளில் ஒரு தேர்வு. சிலவற்றில் எஞ்சினை நிறுத்துவதைத் தவிர வழியே இல்லை. வண்டியோடு தந்த கையேட்டில் விளக்குகள் பற்றிய பக்கத்தைப் பாருங்கள், இருந்தால் அங்கேதான் இருக்கும்.

நிரந்தரமாக எடுத்துவிடச் சொல்லி என்னிடமும் ஆட்கள் வருகிறார்கள். “பேட்டரி தீர்ந்துவிடும்” என்பது பொதுவான பயம். எல்இடி டிஆர்எல் சில வாட் மின்சாரம்தான் தின்கிறது, அதுவும் எஞ்சின் ஓடும்போது. ஃபியூஸைப் பிடுங்கினால் அதே ஃபியூஸில் ஓடும் வேறு விளக்கும் சேர்ந்து போகலாம். வயரை வெட்டினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை வரலாம், வாரண்டிக்கும் வம்பு. வேறு ஒரு கடையில் வயரை வெட்டிக்கொண்டு வந்த ஒரு வண்டியில் இண்டிகேட்டரும் வேலை செய்யவில்லை. இரண்டும் ஒரே விளக்குத் தொகுப்பில் இருந்தன. ஒட்டுப் போட்டுக் கொடுத்தேன், உரிமையாளருக்குத்தான் முகம் வாடிப்போயிற்று.

“பட்டப்பகலில் விளக்கு எதற்கு, நமக்கு வெயிலுக்கா பஞ்சம்?” என்றும் கேட்கிறார்கள். தொடங்கியது வெளிச்சம் குறைந்த வடக்கு நாடுகளில்தான். ஸ்வீடனில் 1977 முதல் பகலிலும் விளக்கு கட்டாயம். கனடாவில் 1989 டிசம்பர் முதல் தயாரான புது வண்டிகளிலும், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி முதல் புதிய கார் மாடல்களிலும் டிஆர்எல் வந்தது. நம் நாட்டில் 2017 ஏப்ரலிலிருந்து புது மோட்டார் சைக்கிள்களில் ஹெட்லைட்டை அணைக்கும் சுவிட்சே கிடையாது. என்னைக் கேட்டால் வெயில்தான் இங்கே காரணம். புளியமர நிழலும் வெயிலும் மாறி மாறி விழும் கிராமச் சாலையில், நிழலுக்குள் வரும் சாம்பல் நிறக் காரை அந்த விளக்கு இல்லாவிட்டால் கண்டுபிடிப்பது சிரமம்.

தொப்பூர் லாரி:
முன்பக்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், பின்பக்கத்தையும் பாருங்கள். தொப்பூர் கணவாயில் சேலம் நோக்கி லோடோடு கீழ் கியரில் இறங்கிக்கொண்டிருந்தேன். பொழுது சாய்ந்துவிட்டது. எனக்கு முன்னால் ஒரு கார், பின் விளக்கு ஒன்றுகூட இல்லை. பிரேக் போட்டால் மட்டும் சிவப்பு தெரியும், விட்டால் காணாமல் போகும். அந்த இறக்கத்தில் அது எங்களுக்கு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. லைட் அடித்துக் காட்டினேன், அவருக்குப் புரியவில்லை. கீழே டீக்கடையில் அதே கார் நின்றது. “தம்பி, விளக்குப் போடாமல் வருகிறீர்களே” என்றேன். “முன்னால் எரிகிறதே, அண்ணா, மீட்டரும் வெளிச்சமாக இருக்கிறது” என்றார். பின்னால் வந்து பாருங்கள் என்று கூட்டிப் போனேன். பார்த்தவர் வாயே திறக்கவில்லை.

கிருஷ்ணகிரி ஆட்டோ எலக்ட்ரீசியன்:
அண்ணன் சொல்வது முக்கியம். பெரும்பாலான கார்களில் டிஆர்எல் எரிந்தால் பின் விளக்கு எரியாது. மீட்டர் எப்போதும் ஒளிர்வதால் ஹெட்லைட் போட்டாயிற்று என்று நினைத்துவிடுகிறார்கள். கனடாவில் இதற்காகவே 2021 செப்டம்பர் முதல் புது வண்டிகளுக்கு விதி வந்தது: டிஆர்எல்லோடு பின் விளக்கும் எரிய வேண்டும், அல்லது இருட்டியதும் எல்லாம் தானாக எரிய வேண்டும், இல்லையென்றால் ஓட்டுநருக்கு மீட்டர் இருட்டாகவே இருக்க வேண்டும்.

அரூர் புதியவர்:
ஹேண்ட்பிரேக்கை ஒரே ஒரு சொடுக்கு இழுத்து வைத்துக்கொண்டு ஓட்டினால் டிஆர்எல் அணைந்தே இருக்கும் என்று என் மைத்துனர் சொல்கிறார். செய்யலாமா?

கிருஷ்ணகிரி ஆட்டோ எலக்ட்ரீசியன்:
வேண்டாம். பின் சக்கர பிரேக் உரசிச் சூடேறும். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. பல வண்டிகளில் ஹேண்ட்பிரேக்குக்கும் பிரேக் ஆயில் குறைவதற்கும் ஒரே சிவப்பு விளக்குதான். அது எப்போதும் எரிந்துகொண்டிருந்தால் ஆயில் உண்மையிலேயே குறையும்போது உங்களுக்குத் தெரியாது. மைத்துனர் வண்டியில் ஏறும் முன் இதைக் கேட்டுவிட்டு ஏறுங்கள்.