மென்பொருள் டெஸ்டிங்கில் கோட்டைவிட்ட கதைகள்: உங்களுடையது என்ன?

இராக்கோழி:
பாஸ் போட்டுக் கையெழுத்து வைத்தது நான்தான், அதனால் நானே ஆரம்பிக்கிறேன். ஒரு மருத்துவமனைக்கு டோக்கன் ஆப். சர்வர் யுடிசியில், அதாவது நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரத்தில் ஓடியது. மிச்சம் உங்களுக்கே புரிந்திருக்கும்: விடிகாலை 5.30 வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். நான் டெஸ்ட் செய்ததெல்லாம் காலை 10 முதல் இரவு 7 வரை. அந்த நேரத்தில் இங்கேயும் அங்கேயும் ஒரே தேதி, எத்தனை தடவை ஓட்டினாலும் பாஸ்தான்.

லைவ் போன மறுநாள் காலை கவுன்டர் பக்கம் நின்றிருந்தேன். ஒரு பெரியவர். 4.30 மணிக்குப் பேரன் போட்டுக் கொடுத்த டோக்கன். கவுன்டரில் இருந்த பெண் போனைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது நேத்து டோக்கன்" என்றாள். "நேத்து நான் ஊரை விட்டே கிளம்பலையேம்மா" என்றவர், என் கழுத்தில் ஐடி கார்டைப் பார்த்துப் போனை என்னிடம் நீட்டினார். எனக்கு வாய் வரவில்லை. அவரே போய் வரிசைக் கடைசியில் நின்றுகொண்டார்.

கடலைமிட்டாய்:
இதில் உங்கள் தப்பு எங்கே வந்தது? சர்வர் சொன்ன தேதியை அப்படியே நம்பினது டெவலப்பர். நாம்தான் எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்கிறோம்.

என்னுடையது நிஜமாகவே என் தப்பு. கடன் கொடுக்கும் கம்பெனி ஒன்று. நிஜ வாடிக்கையாளர்களின் லைவ் டேட்டாவை ஸ்டேஜிங்கில், அதாவது டெஸ்டுக்கு வைத்திருக்கும் நகல் சர்வரில் இறக்கினேன், போன் நம்பர்களை மாற்றவில்லை. எஸ்எம்எஸ்ஸை வெளியே அனுப்பும் கேட்வே அணைந்திருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், நான் பார்க்கவில்லை. தவணை பாக்கி நினைவூட்டலை ஓட்டிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் பக்கத்து சீட் அண்ணன் போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அம்மா, நான் கட்டிட்டேம்மா, சத்தியமா கட்டிட்டேன்" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்கடன் எங்கள் கம்பெனியில்தான், கொடுத்திருந்தது அம்மா நம்பர்.

பழையசோறு:
டெவலப்பர் தப்பு என்று கை கழுவுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1996 ஜூன் 4, ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். ராக்கெட்டின் திசையைக் கணக்கிடும் கருவியில், ஏரியான் 4-இல் ஒழுங்காக ஓடிய நிரலையே தூக்கி வைத்தார்கள். 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள் திணிக்கும் இடம் ஒன்று அதில் இருந்தது; 32,767-க்கு மேல் அதில் அடங்காது. பழைய ராக்கெட்டின் பாதையில் அந்த எண் அவ்வளவு தூரம் ஏறவே ஏறாது. புதியதில் ஏறியது, 40 விநாடிக்குள் கதை முடிந்தது. மாற்றாக வைத்திருந்த கருவியிலும் அதே நிரல், அதுவும் அதே மாதிரி விழுந்தது. புதிய பாதையின் எண்களைக் கொடுத்து அந்தக் கருவியை யாரும் டெஸ்ட் செய்திருக்கவில்லை. இராக்கோழியின் பத்து டூ ஏழு மாதிரியேதான்.

அதனால் தம்பி, கடிகாரத்தை நகர்த்தி டெஸ்ட் செய்யுங்கள். இரவு 11.59, 12.01, காலை 5.29, 5.31. மாதக் கடைசி, மார்ச் 31, டிசம்பர் 31. சர்வர் கடிகாரம் தனி, போன் கடிகாரம் தனி, டேட்டாபேஸ் கடிகாரம் தனி, மூன்றையும் பாருங்கள். அப்புறம் டெஸ்ட் கேஸில் ஓட்டிய நேரத்தையும் எழுதி வையுங்கள், யாரும் எழுதுவதில்லை.

என் கதையா? 2016 பிப்ரவரி 29 அன்று எடுத்த பாலிசிக்கு அடுத்த வருடத் தேதி போடத் தெரியாமல் நிரல் விழுந்தது. நான் அன்று லீவு.

ஸ்ரீரங்கநா:
அண்ணே, அவர் அறிவுரை கேட்கவில்லை. லீவு போட்டவர் பேசுகிற பேச்சா இது?

என் பெயர் வந்த கதை: பெயருக்கு 30 என்று ஸ்பெக்கில், அதாவது என்ன செய்ய வேண்டும் என்று எழுதிக் கொடுத்த குறிப்பில் இருந்தது. நான் 30 எழுத்து என்று எடுத்துக்கொண்டேன், நிரல் 30 பைட் என்று எடுத்துக்கொண்டது. பைட் என்பது கணினியில் பிடிக்கும் இடத்தின் அளவு; எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழுக்குக் குறியீடு ஒன்றுக்கு 3 பைட், புள்ளியும் கொம்பும் தனிக் கணக்கு. நான் போட்டுப் பார்த்த பெயர் கமலா. 12 பைட், பாஸ். அட்டை அச்சாகி வந்த பிறகு ஸ்ரீரங்கநாயகி என்ற அம்மா ஆபீஸுக்கே வந்துவிட்டார். "என் பேர்ல யகி எங்கப்பா?" என்று மேசையில் அட்டையை வைத்து விரலால் தட்டினார். அந்தத் தட்டல் இன்னும் கேட்கிறது.

இராக்கோழி, அந்தப் பெரியவரை டாக்டர் பார்த்தாரா?

இராக்கோழி:
பார்த்தார், 12.15-க்கு. நான் ஃபிக்ஸை 9 மணிக்கே போட வைத்துவிட்டேன். ஒரே ஒரு வரி. அவரை வரிசையில் முன்னால் கூப்பிட்டு விட வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.