ஆர் (R) நிரல்மொழி: லூப்பில் அவுட்புட் கண்டபடி வருகிறது, அவசரம்!!

பால்கணக்கு
வணக்கம். ஊர்வாரியாகப் பால் பணத்தைக் கூட்டி, ஊருக்கு ஒரு வரி வர வேண்டும். வரிக்கு முன்னால் [1] வருகிறது, மேற்கோள் குறியும் வருகிறது. அடுத்த வரிக்குப் போகச் சொன்னால் போகாமல் பேக்ஸ்லாஷ் என் என்றே அச்சாகிறது. ஒரு ஊருக்குத் தொகையே தப்பு. சாயங்காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். உதவுங்கள்.

வடகரை
கோடு எங்கே? ஆர் எந்த வெர்ஷன், விண்டோஸா? "தொகை தப்பு" என்றால் என்ன வர வேண்டும், என்ன வந்தது?

சுழியம்
ஊர்ப் பெயர் தமிழில்தானே? அப்படியானால் என்கோடிங்தான் (எழுத்தைக் கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் முறை), சந்தேகமே வேண்டாம். விண்டோஸில் 4.2.0-க்கு முந்தைய ஆர், தமிழையும் தாங்கும் யூடிஎஃப்-8 என்கோடிங்கை இயல்பாக எடுத்துக்கொள்ளாது. அது வந்ததே 2022 ஏப்ரலில்தான். முதலில் அப்டேட் செய்யுங்கள்.

பழைய_கன்சோல்
1.0.0 காலத்திலிருந்து இதே கேள்வி. தம்பி, அச்சிடும் கட்டளைகளான பிரிண்ட் (print), கேட் (cat) இரண்டுக்கும் ஹெல்ப் பக்கம் இருக்கிறது. கேள்விக்குறி போட்டுப் பெயரைத் தட்டினால் திறக்கும். அதைப் படித்துவிட்டு வந்திருந்தால் இந்த இழையே தேவைப்பட்டிருக்காது.

பால்கணக்கு
தம்பி இல்லை சார், தங்கை. ஃபோனில் இருந்து எழுதுகிறேன், கோடு ஒட்ட முடியவில்லை. ஃபார் லூப்புக்குள் (ஊருக்கு ஊர் திரும்ப ஓடும் பகுதி) பிரிண்ட், அதற்குள் துண்டுகளை ஒட்டும் பேஸ்ட், அதற்குள் ஊர், தொகை, கடைசியில் பேக்ஸ்லாஷ் என். ஊர்ப் பெயரெல்லாம் ஒழுங்காகத்தான் தெரிகிறது. தப்பாக வருவது 1இ+05.

வடகரை
பெயர் ஒழுங்காகத் தெரிகிறது என்றால் என்கோடிங்கை விட்டுவிடலாம். பிரிண்ட் ஒரு பொருளை ஆர் எப்படி வைத்திருக்கிறதோ அப்படிக் காட்டும். அதனால்தான் [1], மேற்கோள் குறி, பேக்ஸ்லாஷ் எல்லாம் வெளியே தெரிகின்றன. கேட் அந்தக் குறியீட்டை நிறைவேற்றி வரியை உடைக்கும். பிரிண்டை எடுத்துவிட்டுக் கேட் போடுங்கள். ஆனால் கேட் தானாக அடுத்த வரிக்குப் போகாது, கடைசியில் இருக்கும் பேக்ஸ்லாஷ் என்னை அழித்துவிடாதீர்கள்.

மூன்றாம்_பத்தி
நோகோட் (noquote) போட்டாலே போதுமே?

வடகரை
மேற்கோள் குறி மட்டும் போகும். [1] இருக்கும், பேக்ஸ்லாஷ் என்னும் அப்படியே நிற்கும்.

சுழியம்
இருந்தாலும் வெர்ஷனைச் சொல்லலாமே. இன்று பெயர் தெரிகிறது, நாளை வேறு கம்ப்யூட்டரில் ஓட்டினால் ம இருக்கும் இடத்தில் <யூ+0பிஏஇ> என்று வரும். அப்போது என்னைத் தேடாதீர்கள்.

எண்ணும்_எழுத்தும்
1இ+05 தப்பு இல்லை, சரியாக ஒரு லட்சம். 100000-க்கு ஆறு எழுத்து வேண்டும், 1இ+05-க்கு ஐந்து போதும். ஆர் இரண்டில் குட்டையானதை எடுக்கும். 123456-ஐச் சுருக்க வழியில்லாததால் அது அப்படியே வரும். அதனால்தான் ஒரே ஊருக்கு மட்டும் இந்தக் கூத்து. கேட்டுக்கு மாறினாலும் இது போகாது. இன்னொன்று, கேட் ஏழு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும்: 1234567.89 கொடுத்தால் 1234568 என்று வரும், பைசா காணாமல் போகும். பணக் கணக்கில் எஸ்பிரிண்ட்எஃப் (எண்ணை வேண்டிய வடிவில் எழுதும் கட்டளை) போட்டு இரண்டு தசமம் கேளுங்கள். அது மொத்தப் பட்டியலையும் ஒரே தடவையில் வாங்கிக்கொள்ளும், லூப்பே வேண்டாம். அந்த முடிவை ரைட்லைன்ஸில் கொடுத்தால் வரிக்கு வரி தானே உடையும்.

பழைய_கன்சோல்
இவ்வளவு எதற்கு? ஸ்கிரிப்ட் தலையில் ஆப்ஷன்ஸ், சைபென் 999, 1இ+05 மாதிரிச் சுருக்கம் வராது. முடிந்தது.

எண்ணும்_எழுத்தும்
அது அந்த செஷன் முழுவதையும் மாற்றும். அப்புறம் புள்ளியியல் மாடல் ஓட்டிப் பார்க்கும்போது மிகச் சிறிய எண்ணாக வரும் பி மதிப்பெல்லாம் பூஜ்யம் பூஜ்யமாக நீண்டுகொண்டே போகும்.

பழைய_கன்சோல்
பால் கணக்கில் பி மதிப்பு எங்கே வந்தது?

மூன்றாம்_பத்தி
லட்சக் கமா போட முடியுமா? கமா போடும் பிக்.மார்க் கொடுத்தால் 1,234,567 என்று வருகிறது. இதை எங்கள் ஊரில் ஒருவரும் வாசிக்க மாட்டார்கள்.

கூட்டல்_கழித்தல்
மூன்று இலக்கமே உலக வழக்கம், அதற்குப் பழகிக்கொள்வது நல்லது.

மூன்றாம்_பத்தி
பால் ஊற்றுகிறவருக்கு எந்த உலகம்? 12,34,567 என்றால்தான் அவருக்குப் பன்னிரண்டு லட்சம்.

எண்ணும்_எழுத்தும்
ஒரே ஆர்கியுமெண்டில் வராது. ஆயிரத்தால் வகுத்த ஈவுக்கு ஃபார்மேட்சியில் (formatC) பிக்.இன்டர்வல் (எத்தனை இலக்கத்துக்கு ஒரு கமா) 2 கொடுங்கள், 12,34 வரும். மீதியைக் கமாவோடு பின்னால் ஒட்டுங்கள்.

வடகரை
மீதியை அப்படியே ஒட்டினால் 500005 என்பது 5,00,5 ஆகிவிடும். மூன்று இடத்துக்குப் பூஜ்யம் நிரப்ப வேண்டும். ஆயிரத்துக்குக் கீழே உள்ள தொகையையும் தனியாகப் பிரித்துவிடுங்கள், இல்லையென்றால் 567 ரூபாய் 0,567 என்று வரும்.

கூட்டல்_கழித்தல்
பார்த்தீர்களா? உலக வழக்கத்துக்கு இந்தத் தலைவலி இல்லை.

மூன்றாம்_பத்தி
தலைவலி நிரல் எழுதுகிறவருக்கு மட்டும்தான், வாசிக்கிறவருக்கு இல்லை. அப்படியே இருக்கட்டும்.

பால்கணக்கு
வந்துவிட்டது!! எல்லோருக்கும் நன்றி. தொகைப் பத்தி மட்டும் நேராக நிற்கவில்லை. கோவைக்கு ஓர் இடம், திருச்சிக்கு ஓர் இடம்.

வடகரை
எஸ்பிரிண்ட்எஃப்பில் அகலத்துக்கு 12 கொடுத்திருப்பீர்கள். அது யூனிகோட் குறிகளை எண்ணுகிறது. திருச்சி நம் கண்ணுக்கு நாலு எழுத்து, அதற்கு எட்டு, ஏனென்றால் இகர, உகரக் குறிகளையும் புள்ளியையும்கூடத் தனித்தனியாக எண்ணும். கோவைக்கு நாலு. எண்ணிக்கையைச் சரிசெய்தாலும் தமிழ் ஃபாண்ட்டில் எழுத்துக்கு எழுத்து அகலம் வேறு. தொகையை முதலில் வலப்பக்கமாக அடுக்குங்கள், ஊர்ப் பெயரை வரிக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதன் பின்னால் எதுவும் இல்லாததால் கோணல் தெரியாது.

சுழியம்
நான் முதலிலேயே சொன்னேன், தமிழ் எழுத்துதான் பிரச்சினை என்று.

வடகரை
நீங்கள் சொன்னது என்கோடிங். இது வேறு.

மூன்றாம்_பத்தி
பால்கணக்கு, கடைசியில் எதைப் போட்டீர்கள்? அறிக்கை போயாச்சா?

நாளைய_நிரல்
பழைய இழையைக் கிளப்புவதற்கு மன்னிக்கவும். எனக்கும் கேட் வேலை செய்கிறது, ஆனால் ஆர் மார்க்டவுனில் (கோடும் உரையும் சேர்ந்த கோப்பு) நிட் செய்தால், அதாவது அறிக்கையாக மாற்றினால், ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இரண்டு ஹாஷ் வருகிறது.

எண்ணும்_எழுத்தும்
சங்க் (கோடு இருக்கும் பகுதி) ஆப்ஷனில் கமெண்ட் = என்ஏ கொடுங்கள். ரிசல்ட்ஸ் ஆஸிஸ் கொடுத்தாலும் ஹாஷ் போகும், ஆனால் மார்க்டவுன் வரிகளை ஒன்றாகச் சேர்த்துவிடும். ஒவ்வொரு வரிக் கடைசியிலும் இரண்டு ஸ்பேஸ் விடுங்கள்.