நைட்ஃபயர் தரவு: ருமைலா ஃபிளேர் கணக்கு தாறுமாறாக வருகிறது

பாலைச்சுடர்:
ஈராக்கின் ருமைலா எண்ணெய் வயலில் ஓராண்டில் எவ்வளவு எரிவாயு ஃபிளேராக (குழாய் முனையில் சுடராக) கொளுத்தப்படுகிறது என்று கணக்கிட வேண்டும். செயற்கைக்கோளில் உள்ள வீர்ஸ் கருவி இரவில் காணும் சுடர்களின் பட்டியலான நைட்ஃபயர் தினசரிக் கோப்புகளில் கதிர்வீச்சு வெப்பத்தை அப்படியே கூட்டினால், சில இரவுகளில் லட்சக்கணக்கான மெகாவாட் வருகிறது, சில இரவுகளில் பூஜ்யம். பிழை எங்கே?

அகச்சிவப்பு:
முதலில் 999999 என்று இருக்கும் வரிகளைத் தூக்கிவிடுங்கள். அது அளவீடே இல்லை. பிளாங்க் வளைகோடு (வெப்பநிலைக்கேற்ற கதிர்வீச்சின் வடிவம்) பொருந்தாத இடத்தில் போடும் நிரப்பு எண். ஒரே வரி போதும், மொத்தமும் கெட்டுவிடும்.

அடுத்து வெப்பநிலையால் வடிகட்டுங்கள். ஃபிளேர் பெரும்பாலும் 1,600–2,000 கெல்வின். புல், காட்டுத் தீ 800–1,200. 1,800 கெல்வினில் கதிர்வீச்சின் உச்சம் 1.61 மைக்ரானில் விழும். வீர்ஸின் எம்10 அலைநீளப் பட்டையும் அங்கேதான் இருக்கிறது. இரவில் அந்தப் பட்டை கும்மிருட்டு. அதனால்தான் 750 மீட்டர் பிக்சலுக்குள் இரண்டு மூன்று சதுர மீட்டர் சுடர்கூடத் தப்பாது.

வீர்ஸைச் சுமக்கும் சுவோமி என்பிபி, நோவா-20 ஆகிய இரு செயற்கைக்கோள்களின் கோப்புகளையும் கலந்தீர்களா? அப்படியென்றால் ஒரே சுடரை இருமுறை கூட்டியிருக்கிறீர்கள். மெகாவாட் என்பது நள்ளிரவு தாண்டி 1:30 வாக்கில் செயற்கைக்கோள் கடக்கும் அந்த நொடியின் திறன். கூட்டாதீர்கள், சராசரி எடுங்கள்.

மேகக்கணக்கு:
பூஜ்யத்தில்தான் பலரும் சறுக்குகிறார்கள். மேகம் மறைத்த இரவை 'எரியவில்லை' என்று எண்ணக்கூடாது, அதை நீக்கிவிடுங்கள். வானம் தெளிவாக இருந்தும் சுடர் காணாத இரவை மட்டும் பூஜ்யமாக வையுங்கள். 20 தெளிந்த இரவுகளில் 12-இல் சுடர் தெரிந்தால், அந்த 12-இன் சராசரியை 12/20 ஆல் பெருக்க வேண்டும்.

பாலைச்சுடர்:
நன்றி. மெகாவாட்டிலிருந்து கன மீட்டருக்கு எப்படிப் போவது?

அகச்சிவப்பு:
1,800 கெல்வினில் ஒரு சதுர மீட்டர் சுமார் 0.595 மெகாவாட் உமிழும். 10 சதுர மீட்டருக்கு 5.95. ஆனால் பெரிய சுடர்களில் இந்த நேர்க்கணக்கு வாயு அளவை மிகைப்படுத்தும். எனவே நைட்ஃபயர் குழு பரப்பை 0.7 அடுக்குக்கு உயர்த்துகிறது: 10 என்பது 5.01 ஆகி, விடை 2.98-க்கு இறங்கும். இந்தத் திருத்திய மதிப்பை நாடுகள் அறிவித்த எரிப்பு அளவுகளோடு பொருத்தித்தான் மெகாவாட்டைக் கன மீட்டராக மாற்றும் குணகம் பெற்றார்கள். ஆகவே நாடு அளவில் நம்பலாம். ஒற்றைக் குழாயின் மாதக் கணக்கை இதை வைத்து யாரிடமும் அடித்துச் சொல்லாதீர்கள்.

மேகக்கணக்கு:
ஒரே பிக்சலில் இரண்டு குழாய்கள் இருந்தால் நைட்ஃபயர் அவற்றைப் பிரிக்காது. சென்டினல்-2 செயற்கைக்கோளின் 20 மீட்டர் குறும்அலை அகச்சிவப்புப் படத்தில் எண்ணிப் பாருங்கள். இன்னொன்று: சுடர் அணைந்து மீத்தேன் பச்சையாக வெளியேறினால் இந்த முறையில் அது வெறும் பூஜ்யம்தான். மாசு அதிகம், கணக்கிலோ குறைவு. அத்தகைய இரவுகளைத் தனியாகக் குறித்து வையுங்கள்.