நீரில் கண்டம் என்றார்கள், நீச்சல் கற்கவே விடவில்லை

தேன்சிட்டு:
என் தம்பிக்குச் சின்ன வயதில் கைரேகை பார்த்த ஒருவர் நீரில் கண்டம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் யாரும் அவனைத் தண்ணீர்ப் பக்கம் விடவில்லை, நீச்சலும் கற்றுக்கொடுக்கவில்லை. இப்போது 30 வயது, முழங்கால் அளவு தண்ணீரில் இறங்கினாலே நடுங்குகிறான். நிஜமாகவே ஒருநாள் தவறி விழுந்தால் அவனால் தப்பிக்க முடியாது. அந்தக் கண்டத்தை உண்டாக்கியது விதியா, அந்த வாக்கா?

பழையபேனா:
ஆனால் நன்றாகத்தானே இருக்கிறார்? முன்கூட்டியே தெரிந்ததால் கவனமாக இருந்தீர்கள், கண்டம் விலகியது. விதியை மதியால் வெல்லலாம் என்று சும்மா சொல்லவில்லை. எனக்குச் சொன்னதில் இரண்டு விஷயம் அப்படியே நடந்திருக்கிறது.

தேன்சிட்டு:
விழுந்திருந்தால் பலித்தது என்பீர்கள், விழாததால் விலகியது என்கிறீர்கள். எது நடந்தாலும் சொன்னவருக்கே வெற்றி என்றால் அவர் எதையுமே சொல்லவில்லை என்றுதான் அர்த்தம். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் பேராசிரியர் 39 மாணவர்களுக்கு, இது உன்னுடைய குணம் என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். பொருத்தத்துக்கு 5க்குச் சராசரியாக 4.3 போட்டார்கள். எல்லாத் தாளிலும் இருந்தது ஒரே வரிகள், பெரும்பாலும் ஒரு சோதிடப் புத்தகத்தில் எடுத்தவை!

பழையபேனா:
அது குணம் சொல்வது. எனக்குச் சொன்னது நடக்கப்போவதை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதீர்கள்.

நடுப்பக்கம்:
சோதிடம் பொய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், விதி பற்றிய கேள்வி அதோடு முடிவதில்லை. பிழைப்பதுதான் விதி என்றால் வைத்தியரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் பிழைப்பேன், பிறகு எதற்கு வைத்தியர் என்று பழைய கிரேக்கத்தில் கேட்டார்கள். சோம்பேறி வாதம் என்றே அதற்குப் பெயர். விதியை முழுசாக நம்பிய கிரேக்கத் தத்துவவாதி கிரிசிப்பஸ், வைத்தியரைக் கூப்பிடுவதும் அதே விதியில் சேர்ந்ததுதான் என்று பதில் சொன்னார். எனக்கு இது பிடித்த பதில், ஏனென்றால் விதியை நம்புகிறவரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. பழையபேனா, கண்டம் இருப்பதாக நம்பியிருந்தால் முதலில் நீச்சல்தானே கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்?

பழையபேனா:
சரி, அது நியாயம். பயமுறுத்தி வீட்டில் உட்கார வைத்தது தப்பு. எனக்குப் பலித்ததை மட்டும் தற்செயல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

தேன்சிட்டு:
அதில் நாம் ஒத்துப்போகப் போவதில்லை. தம்பியிடம் இன்றைக்கே பேசுகிறேன், ஆழமில்லாத இடத்தில், பக்கத்திலேயே ஆள் நிற்க.