ஆட்டோஸ்கேலிங்: ‘கூட்டிக்குறைப்பு’ என்று சொல்லலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இந்த இழையை முதலிலிருந்து படித்தேன். சுமை ஏறினால் சர்வர் எண்ணிக்கையைத் தானே கூட்டி, இறங்கினால் தானே குறைக்கும் ஆட்டோஸ்கேலிங் நுட்பத்துக்குத் தமிழில் இதுவரை மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன: தானியங்கி அளவிடல், தன்னியக்க விரிவாக்கம், நெகிழ்திறன். நான் நான்காவதாக ஒன்று வைக்கிறேன்: கூட்டிக்குறைப்பு. காரணம் சொல்வதற்கு முன் ஒரு சம்பவம். இந்தச் சொல்லில் எனக்கு இவ்வளவு அக்கறை வந்ததே அதனால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில், விண்ணப்பங்கள் வாங்கும் ஒரு தளத்தை கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுத்த சர்வர்களில், நடத்தினோம். குழுவுக்குள் குறிப்புகளைத் தமிழில் எழுதும் வழக்கத்தை நான்தான் தொடங்கினேன். அதில் ஆட்டோஸ்கேலிங் என்று வரும் இடத்திலெல்லாம் ‘தானியங்கி விரிவாக்கம்’ என்று எழுதியிருந்தேன். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி அதைப் படித்துவிட்டு வேலையில் இறங்கினார். பதிவேற்றப்படும் சான்றிதழ்களை அந்தந்த சர்வரின் டிஸ்கிலேயே சேமிக்கும்படி எழுதினார். கடைசி நாளன்று பகலில் இரண்டு சர்வர் ஆறானது. இரவில் கூட்டம் வடிந்ததும் ஆறு மறுபடியும் இரண்டானது. போன நான்கு சர்வர்களோடு அவற்றில் இருந்த சான்றிதழ்களும் போயின. மறுநாள் அவர் என்னிடம் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: “அண்ணா, விரிவாக்கம்னுதான எழுதியிருந்தீங்க. குறையும்னு எங்கயுமே இல்லையே.”

அவர் சொன்னது சரி. என் சொல்லில் பாதிப் பொருள்தான் இருந்தது. விண்ணப்பதாரர்களை ஒவ்வொருவராக அழைத்து, சான்றிதழை மறுபடி ஏற்றச் சொல்ல ஒரு வாரம் ஆனது.

அதனால்தான் ‘விரிவாக்கம்’ வேண்டாம் என்கிறேன். கூடுவதைப் போலவே குறைவதும் இந்த நுட்பத்தின் உயிர். வாடகை மிச்சமாவதே குறையும்போதுதான், ஆபத்தும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. பாதியில் நிற்கும் வேலை, இன்னும் மூடாத இணைப்பு, டிஸ்கில் கிடக்கும் கோப்பு என எல்லாமே சர்வர் போகும்போது எழும் சிக்கல்கள்.

‘அளவிடல்’ எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. பள்ளியில் ஸ்கேல் என்றால் கோடு போடும் அளவுகோல்தானே. ஆனால் ஸ்கேலிங்கில் யாரும் எதையும் அளப்பதில்லை. இதைவிடப் பெரிய சிக்கல், அளவிடல் என்ற சொல் அதே திரையில் வேறு வேலைக்குத் தேவைப்படுகிறது. ப்ராசசர் எத்தனை சதவீதம் ஓடுகிறது, நிமிடத்துக்கு எத்தனை கோரிக்கை வருகிறது என்று பார்ப்பதுதான் அளவிடல். அமேசான் தன் கிளவுட் சேவையில் 2009 மே மாதம் ஆட்டோஸ்கேலிங்கை வெளியிட்டபோது, அளக்கும் வேலைக்கு கிளவுட்வாட்ச் என்று தனியே ஒரு சேவையையும் கூடவே வெளியிட்டது. அளப்பது ஒன்று, அளந்ததைப் பார்த்துச் செயல்படுவது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஆவணம் எழுதுபவர் முதல் பத்தியிலேயே மாட்டிக்கொள்வார்.

‘நெகிழ்திறன்’ நல்ல சொல். ஆனால் அது தன்மையின் பெயர், செயலின் பெயர் அல்ல. எலாஸ்டிசிட்டிக்கு அதை வைத்துக்கொள்வோம்.

இனி என் பரிந்துரை. கடையில் பேரம் பேசும்போது “கொஞ்சம் கூட்டிக் குறைச்சுப் போட்டுக் குடுங்க” என்கிறோம். சமையலில் உப்பு, வேலையில் ஆள், பந்தியில் இலை எல்லாவற்றையும் கூட்டுகிறோம், குறைக்கிறோம். சர்வர் எண்ணிக்கைக்கும் இதே வினைதான் இயல்பாக வரும். “மூணு சர்வர் கூட்டியிருக்கு, இன்னும் குறைக்கல” என்று அலுவலகத்தில் சொன்னால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரு கலைச்சொல் நிலைக்குமா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை இதுதான். நள்ளிரவில் தளம் படுத்துவிட்டபோது, போனில் பேசுபவர் வாயில் அது வருமா? ‘விரிவாக்கம் நிகழ்ந்துள்ளது’ வராது. ‘கூட்டிருச்சு’ வரும்.

இன்னொரு வசதியும் உண்டு. தமிழில் கூடு–கூட்டு என்ற தன்வினை, பிறவினை வேறுபாடு இருக்கிறது. விதிப்படி இயங்கும் நிரல் சர்வர்களைக் கூட்டுகிறது, சர்வர் குழு கூடுகிறது. அந்த நிரலை கூட்டிக்குறைப்பான் என்றும், குழுவுக்கு நேர்வதைக் கூடிக்குறைதல் என்றும் சொல்லலாம். ஸ்கேலிங் என்ற ஒரே சொல்லில் இந்த வேறுபாடு தெரியாது. ‘ஆட்டோ’வைத் தனியே சுட்டியே ஆகவேண்டும் என்றால் ‘தானியங்கு கூட்டிக்குறைப்பு’ என்று எழுதலாம். தானியங்கி வேண்டாம், அது பொருளின் பெயர். தானியங்கு என்று வந்தால் வினைத்தொகை, நடுவில் ஒற்றும் மிகாது.

சொல் வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒரு நிரலின் பிரதிகளைப் பல சர்வர்களில் ஓட்டி நிர்வகிக்கும் கூபர்நெட்டிஸ் என்ற மென்பொருளில் உள்ள கணக்கை இதில் எழுதிப் பார்த்தேன். கூட்டிக்குறைப்பான் இயல்பாக 15 நொடிக்கு ஒருமுறை சுமையைப் பார்க்கும். இப்போது 4 பிரதிகள் ஓடுகின்றன. சராசரிச் சுமை 50 சதவீதமாக இருக்கவேண்டும் என்பது இலக்கு, இருப்பதோ 80. நான்கை எண்பதால் பெருக்கி ஐம்பதால் வகுத்தால் 6.4. முழு எண்ணாக மேலே தள்ளி 7 பிரதிகள், அதாவது மூன்றைக் கூட்டும். பிறகு சுமை 20க்கு இறங்கினால் ஏழை இருபதால் பெருக்கி ஐம்பதால் வகுக்க 2.8, எனவே 3 பிரதிகள். ஆனால் உடனே குறைக்காது. கடந்த ஐந்து நிமிடத்தில் கணக்கிட்டவற்றில் எது பெரிய எண்ணோ அதையே எடுத்துக்கொள்ளும். கூட்டுவதில் அவசரம், குறைப்பதில் நிதானம். இலக்கிலிருந்து பத்து சதவீதத்துக்குள் மட்டுமே விலகியிருந்தால் எதுவும் செய்யாது. எழுதும்போது கை எங்கும் நிற்கவில்லை.

எப்போது கூட்டவேண்டும், எப்போது குறைக்கவேண்டும் என்று சொல்லிவைக்கும் பாலிசிக்கு ‘கொள்கை’ என்று சிலர் எழுதியிருந்தீர்கள். கட்சிக்கும் அரசுக்கும் கொள்கை பொருந்தும், எந்திரம் கேட்டு நடப்பதை விதி என்றால் போதும். சுமையை ஓர் இலக்கில் நிறுத்தப் பார்ப்பது இலக்கு விதி. 70ஐத் தாண்டினால் ஒன்று, 85ஐத் தாண்டினால் மூன்று என்று கூட்டுவது படி விதி. தத்கால் முன்பதிவு காலை 10 மணிக்கும் 11 மணிக்கும் திறக்கும் என்று தெரியும் அல்லவா, அதைப் போல முன்கூட்டியே தெரிந்த கூட்டத்துக்கு நேர விதி. பழைய போக்கைப் பார்த்து முந்திக்கொள்வது முன்கணிப்பு விதி. சர்வர் எண்ணிக்கையின் மினிமம், மேக்சிமம் இரண்டுக்கும் கீழ்வரம்பு, மேல்வரம்பு. வயலில் நீரை நிறுத்துவதும் வரம்புதான்.

மேல்வரம்பைப் பற்றி ஒரு வார்த்தை. அதை எவ்வளவு வைத்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. ஒவ்வொரு சர்வரும் டேட்டாபேஸுக்கு 10 இணைப்பு திறக்கிறது என்று வையுங்கள். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் தன் இயல்பு அமைப்பில் மொத்தமே 100 இணைப்புதான் தரும், அதிலும் மூன்றை நிர்வாகிக்கு ஒதுக்கிவிடும். பத்தாவது சர்வர் எழுந்ததும் இணைப்பு போதாமல் பிழை வரும். அதைப் பார்த்து இன்னும் கூட்டினால் நிலைமை மோசமாகுமே தவிர தீராது.

கூல்டவுனுக்குக் ‘குளிர்விப்புக் காலம்’ என்று வந்திருக்கிறது. ஃபிரிட்ஜ் நினைவுதான் வருகிறது. கொதிக்கக் கொதிக்க எடுத்துக் குடிக்காமல் ஆறவிடுகிறோமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. ஒருமுறை கூட்டியபின் அடுத்ததைச் செய்யாமல் கொஞ்ச நேரம் ஆறவிடுவது. அமேசானில் இது இயல்பாக 300 நொடி. ‘ஆறுநேரம்’ என்று சுருக்கினால் ஆறு மணி என்று படித்துவிடும் ஆபத்து உண்டு, எனவே ‘ஆறவிடு நேரம்’. இதைச் சரியாக வைக்காவிட்டால் கூட்டுவதும் குறைப்பதுமாக மாறி மாறி ஓடும். அதற்கு ஊசலாட்டம்.

கூடுவதும் குறைவதும் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்பதற்கு 2019 உலகக்கோப்பை அரையிறுதியைச் சொல்வார்கள். இந்தியா–நியூசிலாந்து ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 2.53 கோடிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோனி ஆட்டமிழந்ததும் கூட்டம் மளமளவென்று கலைந்தது. கலைந்தவர்கள் பின்னே போகும் பொத்தானை அழுத்த, எல்லோரும் முகப்புப் பக்கத்தில் வந்து விழுந்தார்கள். ஒளிபரப்பைத் தரும் பக்கம் சுமை இறங்க, முகப்பைத் தரும் பக்கம் ஏறியது. ஹாட்ஸ்டார் குழுவினர் ஆயத்தமாகக் கிடைக்கும் ஆட்டோஸ்கேலிங்கை மட்டும் நம்பாமல், கோரிக்கைகளையும் பார்வையாளர் எண்ணிக்கையையும் வைத்துத் தாங்களே ஒன்று செய்துகொண்டதாக அவர்களுடைய பொறியாளர்கள் மேடையில் விளக்கியிருக்கிறார்கள். இதைத் தமிழில் சொல்லும்போது ‘விரிவாக்கம்’ எவ்வளவு முடமாகிவிடும் என்று பாருங்கள்.

என் பரிந்துரையிலும் ஒரு குறை உண்டு. ‘கூட்டிக் குறைத்துச் சொல்லாதே’ என்றால் உள்ளதை மாற்றிச் சொல்லாதே என்று பொருள். இந்த வழக்கு சிலருக்கு உறுத்தலாம். சர்வர் என்ற சூழலில் அப்படி யாரும் படிக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம், மாற்றுக் கருத்து இருந்தால் எழுதுங்கள். இன்னொன்று, எண்ணிக்கையை மாற்றாமல் ஒரே சர்வரைப் பெரிதாக்கும் ஸ்கேல்அப்புக்கு இந்தச் சொல்லை நீட்டக்கூடாது. அதற்கு பெரிதாக்கல், சிறிதாக்கல் என்று தனியே வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பழைய குறிப்பின் முதல் வரியை இப்போது இப்படி மாற்றி எழுதியிருக்கிறேன்: “இந்த சர்வர் குழு கூடும், குறையும். குறையும்போது போகிற சர்வர் திரும்பி வராது. அதன் டிஸ்கில் எதையும் வைக்காதீர்கள்.”