காட்சிக் கவிதைத் தொகுப்பு: அச்சு அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. 32 பக்கத்தில் ஒரு காட்சிக் கவிதைத் தொகுப்பை (சொற்களே ஓர் உருவமாக அமையும் கவிதைகள்) வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் பின் அடிக்கும் கட்டு. இரண்டு கவிதைகள் எதிரெதிர்ப் பக்கங்களில் பரவி நிற்பவை. ஒரே தாளாக விரிவது நடுப்பக்கம் மட்டும்தானே. அதைப் பாம்பு வடிவக் கவிதைக்குக் கொடுத்துவிட்டேன். (அந்தக் காலத்தில் பாம்பு உருவில் நாகபந்தச் செய்யுள் எழுதியவர்களுக்கு ஸ்டேப்ளர் தொல்லை இல்லை!) இன்னொன்று இரு வேறு தாள்களில் விழுகிறது. மடிப்பில் கொஞ்சம் விலகினாலும் கவிதை போச்சு. தனித்தாளாக மடித்துச் செருகிவிடலாமா? யாராவது செய்திருக்கிறீர்களா?

அடுத்து, வளைகோட்டில் எழுத்தை ஓட்டினால் 'கொ'வின் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் திரும்பிக்கொள்கிறது. இப்போதைக்கு எழுத்துகளைக் கோட்டுருவமாக (வெறும் வரைபடமாக) மாற்றி, ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்துகிறேன். இதைவிட எளிய வழி தெரிந்தால் சொல்லுங்கள். மின்னூல் யோசனை வேண்டாம். வழக்கமான மின்னூலில் வாசகர் எழுத்தளவை மாற்றினாலே உருவம் கலைந்துவிடும்.