திருப்புளி உள்ளே போன மரம்: என் மொறிஸ் மைனர் ட்ரவலர் அனுபவம்

மரச்சட்டம் வைத்த பழைய காரை வீட்டிலேயே திருத்தியவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். கொஞ்சம் நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னுடையது 1969ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் ட்ரவலர், 1098 சிசி எஞ்சின். நான் இருப்பது வடமேற்கு இலண்டனில். யாழ்ப்பாணத்தில் அப்பா வாடகைக்கு ஓடியதும் மைனர்தான், ஆனால் அது நாலு கதவு வைத்த முழு இரும்புக் கார். ட்ரவலரை நான் இங்கு வந்த பிறகுதான் கண்டேன். பின்பாதி முழுக்க மரச்சட்டம், இடையிடையே அலுமினியத் தகடு, பின்னால் அலுமாரி மாதிரி இரண்டு பக்கமும் திறக்கும் கதவுகள். அவ்வளவு வடிவு. 2017இல் ஒன்று விலைக்கு வந்தது, வாங்கிவிட்டேன்.

வாங்கும்போது எனக்கே சரியாக விளங்காத விஷயம் ஒன்று: அந்த மரம் அழகுக்கு ஒட்டியது இல்லை. முன்கதவுகளுக்குப் பின்னால் கூரையைத் தாங்குவது, கண்ணாடிகளைப் பிடிப்பது, பின்கதவுகளைச் சுமப்பது எல்லாமே அந்த ஆஷ் மரம்தான். கோடரிப் பிடி செய்கிற மரம், அதிர்வைத் தாங்கும், வளைந்து கொடுக்கும், ஆனால் ஈரம் உள்ளே இறங்கி நின்றால் உக்கிப்போகும். 1953இலிருந்து 1971 வரை ட்ரவலர் எல்லாம் இப்படித்தான் வந்தது. அதனால் மரம் உக்கிய ட்ரவலரும் அடிச்சட்டம் துருப்பிடித்த காரும் ஒன்றுதான்.

மரவேலை எல்லாம் ஒரு கராஜில் செய்து முடித்தது என்று சொல்லித்தான் விற்றார்கள். வார்னிஷ் பளபளவென்று இருந்தது. இரண்டு வாரம் கழித்துக் கழுவும்போது பின்சில்லுக்கு மேலே ஒரு இடம் மட்டும் வெயிலில் நின்றும் காயாமல் இருந்தது. திருப்புளியால் மெல்ல அழுத்தினேன். சத்தமே இல்லாமல் உள்ளே போனது. இழுத்து எடுத்தால் நுனியில் கறுப்பாக ஈரத்தூள், கிணற்றடிப் பாசி மணம். சுரண்டச் சுரண்ட ஓட்டை அடைக்கும் புட்டிதான் வந்தது, அதற்கு மேலே மரத்தின் நிறத்தில் பெயின்ட் அடித்து, நார் மாதிரிக் கோடும் கீறியிருந்தார்கள். அன்றைக்கு இரவு எனக்கு நித்திரை இல்லை. என் இரண்டு பிள்ளைகளையும் பின்சீற்றில் வைத்து ஓடிக்கொண்டிருந்தேன் அல்லவா.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பக்கக் கண்ணாடிகள் சறுக்கி ஓடும் தவாளிப்பில் இருந்து. அதிலுள்ள கம்பளிப் பட்டி பழசாகித் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும், பச்சைப் பாசி கூட முளைத்திருந்தது. அங்கிருந்து இடுப்புச் சட்டத்துக்குள் ஊறி, நிமிர்ந்த கால்கள் வழியாகக் கீழே இறங்கி, பொருத்துகளில் தேங்குகிறது. ஆகவே வெளியே தெரியும் கறுப்பு மறுவைப் பார்த்து ஏமாறாதீர்கள், உக்கல் அதற்கு ஒரு சாண் கீழே இருக்கும்.

பக்கச் சட்டங்களை முழுதாகச் செய்து விற்பவர்கள் இங்கே இருக்கிறார்கள், இரண்டையும் வாங்கினேன். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்ற தச்சர். அவர் சொன்னது இரண்டே விஷயம்: இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் கழற்றாதே, இரும்பு வேலையை முடிக்காமல் மரத்தைத் தொடாதே. இரண்டாவதைக் கேட்டேன். சட்டத்தைத் திருகிப் பிடிக்கும் சில்லுவளைவின் விளிம்பு இரண்டு பக்கமும் சல்லடையாகியிருந்தது, வெட்டி எடுத்து வெல்டிங் செய்யவே ஒரு குளிர்காலம் போனது. பிரேக் மாஸ்டர் சிலிண்டரையும் அப்போதே மாற்றினேன், அது சாரதியின் காலடியில் அடிச்சட்டத்துக்குள் ஒளிந்திருக்கிறது, தனிக்கதை.

முதலாவதையும் கேட்டேன், ஆனாலும் ஒரு பிழை விட்டேன். இடப்பக்கம் மாற்றும்போது கூரைக்கு இரண்டு முட்டுக்கட்டை கொடுத்து, பின்வாசலின் மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்து, கதவுகளை மாட்டிப் பார்த்துத்தான் திருகினேன். அச்சாவாக வந்தது. அந்தத் தைரியத்தில் வலப்பக்கம் பசை காயுமுன்பே முட்டுக்கட்டைகளை எடுத்துவிட்டேன். காலையில் பார்க்கிறேன், பின்கதவு இரண்டும் நடுவில் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிறது. கூரை ஒரு சென்ரிமீற்றர் இறங்கிவிட்டது. திருகாணி அத்தனையும் கழற்றி, சூட்டுக் காற்றால் பசையை இளக்கி, திரும்பவும் ஆரம்பத்திலிருந்து. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, தன் கிளாம்புகளைக் கொண்டுவந்து தந்தார்.

வார்னிஷை நவம்பரில் அடிக்காதீர்கள். குளிரிலும் ஈரத்திலும் பால் ஊற்றியது போல வெளிறிப்போனது, முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு மே மாதம் வரை பொறுத்துத்தான் திரும்ப அடித்தேன். மரத்தின் வெட்டுமுனைகளைப் பூட்டுவதற்கு முன்பே மரக்காப்பு எண்ணெயில் ஒரு இரவு ஊற வையுங்கள். பூட்டிய பிறகு அந்த இடத்துக்குத் தூரிகை போகாது.

2019 ஒக்டோபரில் அப்பா வந்தார். நல்ல குளிர்க் காலை, எவ்வளவு முயன்றும் கார் ஸ்டார்ட் வரவில்லை. “தம்பி, கொஞ்சம் பெற்றோல் இருக்கே?” என்றார். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலம், யாழ்ப்பாணத்தில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின, ஸ்டார்ட் எடுக்க மட்டும் சின்னப் போத்தலில் பெற்றோல் வைத்திருப்பார்கள். அதே கணக்கில் மூடியளவு காபரேட்டரில் விட்டார். இரண்டாவது சுற்றில் பிடித்தது. அதற்குப் பிறகு எஞ்சினைப் பற்றி ஒரு சொல் இல்லை, பின்பக்கம் போய் மரத்தை விரல் கணுவால் தட்டித் தட்டிக் கேட்டுக்கொண்டே சுற்றி வந்தார், கதவு வாங்கப் போனால் எப்படித் தட்டிப் பார்ப்பாரோ அப்படி. “உள்ளுக்கு வைரமாய் இருக்கு” என்றார்.

இங்கே 40 வயது தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2018 முதல் வருடாந்தச் சோதனை கட்டாயம் இல்லை. நான் இன்னும் கொண்டுபோகிறேன், இன்னொரு கண் பார்க்கட்டும்.

ஒரே ஒரு குறை மீதி இருக்கிறது. தொடர்ந்து மழை பெய்தால் வலது பின்மூலையில், கம்பளத்துக்குக் கீழே ஒரு கரண்டித் தண்ணீர் நிற்கிறது. கண்ணாடித் தவாளிப்பு புதிது, கதவு ரப்பரும் புதிது. கூரைத் தகடு மரத்தில் உட்காரும் இடத்தில்தான் எனக்குச் சந்தேகம். கூரையைக் கழற்றாமல் அதை அடைத்தவர்கள் யாராவது இருந்தால், என்ன வைத்து அடைத்தீர்கள் என்று எழுதுங்கள்.